ஒரே குழாய்த் தண்ணீர். என் மகனுக்கு மட்டும் ஏன் அடிக்கடி வயிற்றுப்போக்கு?

வாசகர் கேள்வி: என் மகனுக்கு ஒன்றரை வயது. எடை 8 கிலோ 200 கிராம். அவனுக்கு ஐந்தாவது மாதம் நடக்கும்போது நான் மறுபடி பனியன் கம்பெனி வேலைக்குப் போனேன். அதிலிருந்து பகலில் மாமியார் கஞ்சி கொடுக்கிறார்; இரவில் தாய்ப்பால் கொடுக்கிறேன். கடந்த ஆறு மாதத்தில் ஐந்து தடவை வயிற்றுப்போக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் சிரப் வாங்கிக் கொடுத்தோம். எங்கள் காம்பவுண்டில் ஏழு வீட்டுக்கும் ஒரே குழாய். நாங்கள் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் தருகிறோம். பக்கத்து வீட்டுக் குழந்தை கொதிக்க வைக்காமலே குடிக்கிறது. அதற்கு ஒன்றும் ஆவதில்லை. வயிறு போகும்போது மாமியார், “மாந்தம், வயிற்றைக் காயப்போட வேண்டும்” என்று நீர்க்கஞ்சி மட்டும் தருவார். சரியான பிறகும் அவனுக்குப் பசியே எடுப்பதில்லை, ஊட்டினால் துப்புகிறான். அங்கன்வாடியில் கையை அளந்து 12.1 செ.மீ., மஞ்சள் நிறம் என்றார்கள். அவனுக்கு எதிர்ப்புச் சக்தி இல்லையா? டானிக், புரோபயாடிக் ஏதாவது தரலாமா? நான் வேலையை விட்டுவிட வேண்டுமா?
– ஒரு வாசகி, திருப்பூர் மாவட்டம்

குழந்தைகள் நல மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பற்றி நீங்கள் கேட்டிருப்பது மிகச் சரியான கேள்வி. அதற்கு விடை தெரிந்துவிட்டால் மற்றக் கேள்விகள் பாதி தீர்ந்துவிடும். உங்கள் மகன் குடிக்கும் தண்ணீரில் கிருமி குறைவாகத்தான் இருக்க வேண்டும். ஆனாலும் அவன் வாய்க்குள் போகிற கொஞ்சக் கிருமியும் பிழைத்துக்கொள்கிறது. அந்தக் குழந்தையின் வயிற்றில் அதைவிட அதிகமாகப் போனாலும் செத்துப்போகிறது. காரணம் சாப்பாடு. போதிய உணவு கிடைக்காத குழந்தையின் கை கால் இளைப்பதை நாம் பார்க்கிறோம். அதே சமயத்தில் அதன் குடலும் இளைக்கிறது. இளைத்த குடலால் கிருமியைத் தடுத்து நிறுத்த முடியாது.

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். புரிந்துகொண்டால்தான் உங்கள் மாமியாருக்கும் எடுத்துச் சொல்ல முடியும்.

விழுங்கிய எதுவும் முதலில் சந்திப்பது இரைப்பை அமிலத்தை. பெரும்பாலான கிருமிகள் அங்கேயே சாகின்றன. அந்த அமிலத்தின் வலிமையை அமெரிக்காவில் தன்னார்வலர்களிடம் நடத்திய காலரா சோதனைகள் காட்டின. சோடா உப்பு கலந்த தண்ணீரைக் கொடுத்து அமிலத்தை முறித்துவிட்டால், பத்து லட்சம் காலராக் கிருமிகளே நோயை உண்டாக்கப் போதுமானதாக இருந்தன. அமிலம் அப்படியே இருந்தபோது அதைப் போலப் பல நூறு மடங்கு, பல ஆயிரம் மடங்கு கிருமிகள் தேவைப்பட்டன. சரியான ஊட்டம் இல்லாத குழந்தைகளிடம் இந்த அமிலச் சுரப்பு குறைந்துவிடுகிறது. அமிலத்தைச் சுரக்கும் செல்களும் புரதத்தால் ஆனவைதானே. ஆகவே ஒரே குழாய்த் தண்ணீர் இரண்டு குழந்தைகளுக்கு இரண்டு விதமான தண்ணீராகிவிடுகிறது. ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: சீதபேதியை உண்டாக்கும் ஷிகெல்லா போன்ற கிருமிகள் அமிலத்துக்கு அவ்வளவாக அஞ்சுவதில்லை. பத்து முதல் நூறு கிருமிகள் போனாலே போதும். அதனால் நல்ல போஷாக்குள்ள குழந்தைக்கும் சில நேரம் வரத்தான் செய்யும். கொதிக்க வைப்பதை எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தாதீர்கள்.

அமிலத்தைத் தாண்டியவை சிறுகுடலுக்கு வருகின்றன. சிறுகுடலின் மேல்பகுதியில் சாதாரணமாகக் கிருமிகள் மிகக் குறைவு. ஊட்டம் குறைந்த குழந்தைகளிடம் அங்கேயே அவை பெருகி நிரந்தரமாகத் தங்கிவிடுகின்றன. கொழுப்பைச் செரிக்க உதவும் பித்த உப்புகளை உடைத்துவிடுகின்றன. அதனால் நீங்கள் ஊட்டும் நெய்யும் எண்ணெயும் முழுதாக உடம்பில் சேர்வதில்லை. வயிற்றுப்போக்கே இல்லாத நாட்களில்கூட இந்த இழப்பு நடந்துகொண்டிருக்கும்.

இப்போது குடலின் உட்சுவருக்கு வருவோம். என் பார்வையில் இந்த விஷயத்தின் மையம் இதுதான். உணவை உறிஞ்சும் சிறுகுடலின் உட்பரப்பு முழுவதையும் மூடியிருப்பது ஒரே ஒரு வரிசைச் செல்கள்தான். வெங்காயச் சருகைவிட மெல்லிய போர்வை அது. ஒரு பக்கம் கிருமியும் கழிவும். மறு பக்கம் இரத்தம். இந்தப் போர்வை மூன்று முதல் ஐந்து நாட்களுக்கு ஒருமுறை முற்றிலும் உதிர்ந்து புதிதாக முளைக்கிறது. உடம்பில் இவ்வளவு வேகமாகத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் பாகங்கள் மிகச் சில. இவ்வளவு வேகமாகப் பெருகும் செல்களுக்குப் புரதமும் துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும் வைட்டமின் பி12-ம் அன்றன்றைக்கு வந்துகொண்டே இருக்க வேண்டும். வராவிட்டால் உதிர்வது உதிரும், முளைப்பது தாமதமாகும்.

நல்ல குடலின் ஒரு துணுக்கை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் குடலுறிஞ்சிகள் நீண்ட விரல்களைப் போல நெருக்கமாக எழுந்து நிற்கும். நலிந்த குடலில் அவை குட்டையாகி, அகன்று, ஒன்றோடொன்று ஒட்டி மேடுகளாகத் தெரியும். விரல்களுக்கு அடியில் இருக்கும் குழிகள் ஆழமாகியிருக்கும். செல்லுக்கும் செல்லுக்கும் இடையிலான இறுக்கமான இணைப்புகள் தளர்ந்திருக்கும். மேலே பூசியிருக்கும் சளிப்படலம், அதுவும் புரதமும் சர்க்கரையும் சேர்ந்து உருவாவதுதான், மெலிந்துபோகும். அந்தத் தளர்ந்த இணைப்புகள் வழியாகக் கிருமிகளின் மேலோட்டில் உள்ள நச்சுப் பொருள்களும் சில சமயம் கிருமிகளுமே உள்ளே கசிகின்றன. உடம்பு அவற்றோடு ஓயாமல் போராடுகிறது. வெளியே காய்ச்சல் தெரியாது, ஆனால் உள்ளே அழற்சி நிற்காது. அந்த அழற்சி பசியைக் கெடுக்கும். வளர்ச்சிக்கான ஹார்மோன்களைத் தணிக்கும். உங்கள் மகன் ஊட்டியதைத் துப்புவது பிடிவாதம் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். அவனுக்கு உண்மையிலேயே பசிக்கவில்லை.

மிகக் கடுமையாக நலிந்த குழந்தைகள் மருத்துவமனையில் சேரும்போது காய்ச்சல் இல்லாவிட்டாலும் ஆன்டிபயாடிக் தரச் சொல்லும் வழிமுறை இதை வைத்துத்தான் உருவானது. குடலிலிருந்து இரத்தத்துக்குக் கிருமி ஏறியிருக்கலாம். நலிந்த உடம்பு காய்ச்சலைக் காட்டக்கூடச் சக்தியற்று இருக்கலாம். உங்கள் மகன் அந்த நிலையில் இல்லை. மேற்கையின் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழே போனால்தான் சிவப்பு, அதாவது கடும் நலிவு. அவன் மஞ்சளில் இருக்கிறான், அதாவது மிதமான நலிவு. ஒன்றரை வயது ஆண் குழந்தைகளின் நடுமட்ட எடை 10.9 கிலோ. 8.8 கிலோவுக்குக் கீழே இருந்தால் எடைக் குறைவு என்று கணக்கு. தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 22 பேர் வயதுக்கேற்ற எடை இல்லாதவர்கள் என்று 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. நீங்கள் தனி ஆள் இல்லை; உங்கள் வளர்ப்பிலும் குறையில்லை.

“எதிர்ப்புச் சக்தி இல்லையா?” என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது. ஆனால் அதற்கு வேண்டிய பொருள்கள் வந்து சேரவில்லை. குடலுக்கென்றே உடம்பு தயாரிக்கும் ஒரு நோய் எதிர்ப்புப் புரதம் உண்டு. இம்யூனோகுளோபுலின் ஏ என்று பெயர். வளர்ந்த ஒருவரின் குடலில் அது நாள்தோறும் சில கிராம் சுரக்கிறது. கிருமியைப் பிடித்துக் கட்டி, செல்லில் ஒட்டவிடாமல் மலத்தோடு அனுப்பிவிடும். அதை உண்டாக்கும் செல்கள் குடலுக்கு வழி கண்டுபிடித்து வருவதற்கு வைட்டமின் ஏ தேவை. குடல் குழிகளின் அடியில் உட்கார்ந்து கிருமிக்கொல்லிப் புரதங்களை வெளிவிடும் பானெத் செல்களில் துத்தநாகம் நிறைந்திருக்கும். பேதியில் துத்தநாகம் மலத்தோடு வெளியேறிவிடுகிறது. இல்லாததால் பேதி, பேதியால் மேலும் இல்லாமை. உணவுக் குறைவும் தொற்றும் ஒன்றையொன்று வளர்க்கும் இந்தச் சுழலை நெவின் ஸ்கிரிம்ஷாவும் அவரது சகாக்களும் 1968-இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக எழுதிய நூலில் விரிவாக நிறுவினார்கள். அரை நூற்றாண்டுக்கும் மேலாகியும் இன்னும் ஆன்டிபயாடிக் சிரப்பைத்தான் முதலில் தேடுகிறோம் என்பது எனக்கு வருத்தமான விஷயம்.

வைட்டமின் ஏ-யின் மதிப்பு நம் மண்ணிலேயே நிரூபணமான ஒன்று. மதுரை அரவிந்த் மருத்துவமனையினர் தமிழ்நாட்டில் 15,000க்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்து நடத்திய ஆய்வு 1990-இல் வெளிவந்தது. வாரத்துக்கு ஒருமுறை சிறிய அளவு வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே ஓராண்டில் இறப்பு பாதிக்கும் மேல் குறைந்திருந்தது. பிற்காலத்தில் உத்தரப் பிரதேசத்தில் பத்து லட்சம் குழந்தைகளிடம் நடந்த ஆய்வில் இவ்வளவு பலன் தெரியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பற்றாக்குறை எங்கே ஆழமோ அங்கேதான் பலனும் பெரிது. அங்கன்வாடியில் 9 மாதம் தொடங்கி ஆறு மாதத்துக்கு ஒருமுறை தரும் வைட்டமின் ஏ திரவம் உங்கள் மகனுக்கு விட்டுப்போயிருந்தால் உடனே கேட்டு வாங்குங்கள்.

குடலுக்குள் வசிக்கும் நல்ல கிருமிகளும் தடுப்பில் ஒரு பங்கு. அவை இடத்தைப் பிடித்துக்கொண்டால் கெட்டவைக்கு இடமில்லை. பெருங்குடலில் நார்ச்சத்தைப் புளிக்கவைத்து அவை தரும் பியூட்டிரேட் என்ற அமிலமே அங்குள்ள செல்களின் முக்கிய எரிபொருள். டாக்காவின் மீர்ப்பூர் குடிசைப் பகுதிக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வுகளில், நலிந்த குழந்தைகளின் குடல் கிருமிக் கூட்டம் அவர்கள் வயதுக்குரியதாக வளராமல், இன்னும் இளைய குழந்தையுடையதைப் போல நின்றுவிடுவதை ஜெஃப்ரி கார்டன், தஹ்மீத் அகமது ஆகியோரின் குழுக்கள் கண்டன. பிறகு அந்தக் கிருமிகளுக்கென்றே ஓர் உணவை உருவாக்கினார்கள். அதில் என்ன இருந்தது தெரியுமா? கொண்டைக்கடலை மாவு, சோயா மாவு, வேர்க்கடலை, வாழைக்காய். வழக்கமான துணை உணவைவிடக் கலோரி குறைவாக இருந்தும் இந்தக் கலவையை உண்ட குழந்தைகள் கூடுதலாக எடை ஏறினார்கள் என்று 2021-இல் முடிவுகள் வெளியாயின. புரோபயாடிக் பொட்டலத்துக்கு நீங்கள் செலவிட நினைக்கும் பணத்தை இந்த நாலு பொருளில் போடுங்கள். பொட்டலத்திலிருந்து வரும் கிருமிக்கும் தின்னக் கொடுக்க வேண்டுமே, இல்லாவிட்டால் தங்காது.

குடல் இப்படி நலிவதை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1960களிலேயே கூர்ந்து கவனித்தார்கள். பிறக்கும் முன்பு நம் ஊர்ச் சிசுக்களின் குடலுறிஞ்சிகளும் எல்லா நாட்டுக் குழந்தைகளையும் போல விரல் வடிவில்தான் இருக்கின்றன; வளர வளரத்தான் மாறுகின்றன என்று காட்டினார்கள். ஆகவே இது பரம்பரையில் வந்த குறை இல்லை. சூழலும் உணவும் சேர்ந்து செய்வது. அதே காலத்தில், அன்றைய பாகிஸ்தானுக்குப் பணிக்கு வந்த அமெரிக்கத் தொண்டர்களின் குடலும் அங்கே இருந்த மாதங்களில் மாறி, ஊர் திரும்பிய பின் சீரானது. திரும்பி வரக்கூடியது என்பதுதான் நான் உங்களுக்குச் சொல்ல விரும்பும் நல்ல செய்தி. வாய்வழி போலியோ சொட்டு மருந்து நம் குழந்தைகளிடம் எதிர்பார்த்த அளவு பலன் தரவில்லை என்பதை வேலூரில் ஜேக்கப் ஜான் 1970களில் கண்டு சொன்னதற்கும் குடலின் இந்த நிலைமை ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தும் நம்மிடம் முழுப் பாதுகாப்பு தருவதில்லை. கடுமையான தாக்குதலைப் பாதியளவு தடுக்கிறது. அதுவே பெரிது. அதற்குரிய வயதில் போட்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

தண்ணீரைச் சுத்தம் செய்தால் மட்டும் ஏன் போதவில்லை என்பதற்கும் சான்று இருக்கிறது. வங்கதேசம், கென்யா, ஜிம்பாப்வே மூன்றிலும் ஆயிரக்கணக்கான குழந்தைகளிடம் நடந்த பெரிய ஆய்வுகளின் முடிவுகள் 2018 வாக்கில் வெளியாயின. நல்ல தண்ணீர், கழிப்பறை, கை கழுவுதல் ஆகியவற்றை மட்டும் கொடுத்த வீடுகளில் குழந்தைகளின் உயரம் கூடவில்லை. வங்கதேசத்தில் வயிற்றுப்போக்கு குறைந்தது, வளர்ச்சி கூடவில்லை. துணை உணவும் ஊட்டும் முறை பற்றிய ஆலோசனையும் கொடுத்த வீடுகளில் வளர்ச்சி சிறிதளவாவது கூடியது.

இனி உங்கள் அடுக்களைக்கு வருகிறேன்.

உங்கள் மாமியாரைக் குறை சொல்ல வேண்டாம். வயிற்றைக் காயப்போடச் சொன்னவர்கள் பாட்டிமார்கள் மட்டும் இல்லை. வெகுகாலம் வரை மருத்துவப் புத்தகங்களும் பேதிக்கு ஒருநாள் இரண்டுநாள் உணவை நிறுத்தச் சொல்லின. சாப்பாடு கொடுத்தால் மலம் கொஞ்சம் அதிகமாகப் போகும் என்பதும் அவர் கண்ணால் கண்ட உண்மைதான். ஆனால் அவர் காணாத ஒன்று உண்டு. குடல் செல்களில் பலவற்றுக்கு ஊட்டம் குடல் வழியாகவே, கடந்துபோகும் உணவிலிருந்தே கிடைக்கிறது. பேதியில் உரிந்துபோன போர்வை மறுபடி முளைக்க வேண்டிய அந்த நாட்களில் உணவை நிறுத்துவது அந்த வேலையையே நிறுத்துவதாகும். மலம் சிறிது கூடினாலும், உள்ளே சேர்வது அதைவிட அதிகம். ஆறு மாதத்தில் ஐந்து தடவை, ஒவ்வொரு தடவையும் நாலைந்து நாள் நீர்க்கஞ்சி, பிறகு பசியில்லாத ஒரு வாரம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அவன் குடல் முழுதாகத் தேறுவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது.

நீர்க்கஞ்சியின் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு டம்ளர் நீர்க்கஞ்சியில் ஒரு மேசைக்கரண்டி அரிசி இருந்தால் அதிகம். அதில் கிடைப்பது 45 கலோரி அளவு; புரதம் ஒரு கிராம்தான். தாய்ப்பால் குடிக்கும் ஒன்றரை வயதுக் குழந்தைக்கு மற்ற உணவிலிருந்து ஒரு நாளைக்குச் சுமார் 550 கலோரி வேண்டும். பன்னிரண்டு டம்ளர் கஞ்சி எந்தக் குழந்தையால் குடிக்க முடியும்? இந்த எடையுள்ள குழந்தையின் வயிறு ஒரு வேளைக்குக் கால் லிட்டர்தான் கொள்ளும். அந்தக் கால் லிட்டரைத் தண்ணீரால் நிரப்பிவிட்டால் வயிறு நிறைந்ததும் வாயை மூடிக்கொள்வான். நாமும் சாப்பிட்டுவிட்டான் என்று நினைத்துக்கொள்வோம். குழைந்த சோறு அரைக் கிண்ணம், கெட்டிப் பருப்பு, ஒரு டீஸ்பூன் நெய் அல்லது எண்ணெய், இவற்றைப் பிசைந்து கொடுத்தால் அதே வயிற்றில் 170 கலோரிக்கு மேல் போய்விடும். கரண்டியைச் சாய்த்தால் ஒழுகிவிடக் கூடாது, மெல்ல வழுக்கி விழ வேண்டும். அந்தப் பதம்தான் அளவு.

கெட்டியாக இருந்தால் விழுங்க மாட்டேன் என்கிறானா? அதற்கு நல்ல வழி இருக்கிறது. கேழ்வரகை ஊறவைத்து முளைகட்டி, வெயிலில் காயவைத்து, லேசாக வறுத்து அரைத்து ஒரு டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். தீயவிட்டால் பயன் போய்விடும். வாசனை வந்ததும் இறக்கிவிட வேண்டும். கெட்டியாகக் காய்ச்சிய சத்துமாவுக் கஞ்சியை அடுப்பிலிருந்து இறக்கி, ஆவி சற்று அடங்கியதும் இந்த மாவில் ஒரு டீஸ்பூன் போட்டுக் கலக்குங்கள். சில நிமிடத்தில், ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்காமலே, கஞ்சி இளகிவிடும். முளையில் உள்ள நொதி மாவுச்சத்தை உடைப்பதால் வரும் மாற்றம் அது. பிறகு மறுபடி ஒரு கொதி வரவிட்டு இறக்கி ஆற்றி ஊட்டுங்கள். அந்த இரண்டாவது கொதியை விட்டுவிடாதீர்கள். முளைகட்டிய தானியத்தில் கிருமி இருக்கலாம்.

இதைச் சொல்லும்போது இன்னொன்று. காலையில் நீங்கள் காய்ச்சி வைத்துவிட்டுப் போகும் கஞ்சியைத்தான் மதியமும் மாலையும் கொடுக்கிறாரா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. ஆனால் வேலைக்குப் போகும் தாய்மாரின் வீட்டில் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும். காம்பியா நாட்டுக் கிராமங்களில் 1970களில் நடந்த ஆய்வுகளில், சமைத்து மணிக்கணக்கில் வைத்திருந்த குழந்தை உணவில் கிருமி ஏராளமாகப் பெருகியிருப்பது தெரியவந்தது. கொதிக்க வைத்த தண்ணீரில் காய்ச்சிய கஞ்சியும் திருப்பூர் வெயிலில் நாலு மணி நேரம் இருந்தால் கிருமிக்கு விருந்துதான். உலர்ந்த மாவாக வைத்துவிட்டுப் போனால், வேளைக்கு வேளை புதிதாகக் காய்ச்சிக்கொள்ளலாம். பால் புட்டி இருந்தால் அதை எடுத்துப் போட்டுவிட்டுக் கிண்ணமும் கரண்டியும் வையுங்கள்.

தினம் ஒரு முட்டை. வறுத்துப் பொடித்த வேர்க்கடலையும் பொட்டுக்கடலையும் இரண்டு ஸ்பூன்; முழுக் கடலையாகத் தராதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். பருப்போடு குழைய வேகவைத்த முருங்கைக் கீரை, மேலே எண்ணெய் விட்டு. எண்ணெய் இல்லாமல் அதன் வைட்டமின் ஏ சத்து உடம்பில் சரியாகச் சேராது. பப்பாளி, மாம்பழம் கிடைக்கும் காலத்தில் தாராளமாக. அங்கன்வாடியில் தரும் சத்துமாவு அவனுக்கென்று தருவது; வீட்டில் எல்லாரும் பங்கு போடாமல் அவனுக்கே போகட்டும். டீயில் நனைத்த பிஸ்கட் வேண்டவே வேண்டாம். ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை, இடையில் ஒன்றிரண்டு தடவை ஏதாவது. இரவில் நீங்கள் தரும் தாய்ப்பாலில் நான் மேலே சொன்ன எதிர்ப்புப் புரதம் ஆயத்தமாக இருக்கிறது. இரண்டு வயது வரையாவது நிறுத்தாதீர்கள்.

அடுத்த முறை வயிறு போனால் ஒவ்வொரு தடவை போன பிறகும் ஓ.ஆர்.எஸ். கரைசல் 50 முதல் 100 மி.லி. வரை, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். பொட்டலத்தில் ஒரு லிட்டர் என்று போட்டிருந்தால் ஒரு லிட்டரிலேயே கரைக்க வேண்டும். ஒரு டம்ளரில் பாதியைக் கொட்டிக் கலக்கினால் உப்பு கூடி ஆபத்தாகும். கடையில் அட்டைப் பெட்டியில் விற்கும் இனிப்புப் பானம் அதற்கு ஈடாகாது. துத்தநாக மாத்திரை 20 மி.கி., ஒரு கரண்டி தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ கரைத்து நாளுக்கு ஒன்று, 14 நாள். இரண்டாம் நாளே பேதி நின்றாலும் 14 நாளும் தர வேண்டும். குடல் போர்வை முளைப்பதற்கும் அடுத்த மாதங்களில் திரும்ப வராமல் இருப்பதற்கும்தான் அது. இரண்டும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும். சாப்பாடு வழக்கம்போல, கொஞ்சம் கொஞ்சமாக மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை. பேதி நின்ற பிறகு இரண்டு வாரமாவது நாளுக்கு ஒரு வேளை கூடுதலாக. பசி மீளும் அந்த நாட்களில் குழந்தைகள் வேகமாக எடை பிடிப்பார்கள். அந்த வாய்ப்பைத் தவறவிடக் கூடாது.

மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் கேட்டு வாங்குவதை இன்றோடு விட்டுவிடுங்கள். தண்ணீராகப் போகும் பேதியில் பெரும்பகுதி வைரஸால் வருவது. அதற்கு இந்த மருந்து வேலை செய்யாது. குடலில் இடம்பிடித்திருக்கும் நல்ல கிருமிகளைக் கொன்று அடுத்த தொற்றுக்கு இடம் காலிசெய்து கொடுக்கும். மலத்தில் இரத்தம் வந்தால் கதை வேறு. அப்போது மருத்துவர் எழுதித் தருவார். பேதியை உடனே கட்டும் மாத்திரைகள் இந்த வயதுக்குக் கூடவே கூடாது. இரும்புச்சத்து டானிக்கையும் நீங்களாகத் தொடங்காதீர்கள். அவனுக்கு இரத்தசோகை இருக்க வாய்ப்பு அதிகம்தான். ஆனால் உறிஞ்சப்படாமல் குடலில் தங்கும் இரும்பு கெட்ட கிருமிகளுக்கும் தீனி. பேதி அடங்கிப் பசி திரும்பிய பின், மருத்துவர் அளவு சொல்லித் தரட்டும்.

ஒருமுறை அவனைக் குழந்தை மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும். அடிக்கடி பேதி, ஏறாத எடை என்றால் காசநோய், சிறுநீர்த் தொற்று போன்ற வேறு காரணங்களும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டியது அவசியம். வீட்டில் யாருக்காவது நாள்பட்ட இருமல் இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். குடற்புழு மருந்து கடைசியாக எப்போது கொடுத்தது என்பதையும் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை அங்கன்வாடியில் எடையும் கை அளவும் பார்த்து அட்டையில் குறித்து வாருங்கள். கை 11.5 செ.மீ.க்குக் கீழே போனாலோ, இரு பாதங்களும் வீங்கினாலோ, மலத்தில் இரத்தம் வந்தாலோ, பேதி 14 நாளைத் தாண்டினாலோ உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். கண் குழிந்து, சோர்ந்து கிடந்து, தண்ணீர்கூடக் குடிக்க முடியாமல் போனால், குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தால், இரவானாலும் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

பலன் எப்போது தெரியும்? செல்கள் சில நாளில் முளைத்தாலும், குட்டையாகிப்போன குடலுறிஞ்சிகள் எழுந்து நிற்கவும் கசிவு அடங்கவும் வாரங்கள், சில நேரம் மாதங்கள் ஆகும். இடையில் இன்னொரு தடவை பேதி வந்தால் மனம் தளர வேண்டாம். முதலில் பசி திரும்பும், பிறகு எடை ஏறும், அப்புறம்தான் பேதி இடைவெளி விட்டு வரத் தொடங்கும்.

வேலையை விட வேண்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம் என்பதே என் கருத்து. உங்கள் சம்பளம்தான் அந்த முட்டையும் பருப்பும். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்பது சட்டம்; உங்கள் கம்பெனியில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இல்லாவிட்டாலும், பகல் முழுக்க அவனோடு இருக்கும் உங்கள் மாமியாரைவிட நல்ல துணை வேறில்லை. அடுத்த முறை அங்கன்வாடிக்கோ மருத்துவரிடமோ போகும்போது அவரையும் கூட்டிச் செல்லுங்கள். மருமகள் சொல்லி மாற்றுவதைவிட, கையை அளந்து காட்டும் டீச்சரோ மருத்துவரோ நேரில் சொன்னால் அவர் மனம் நோகாமல் ஏற்றுக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்து கேழ்வரகை ஊறவைத்து அந்த மாவைத் தயார் செய்யுங்கள். கஞ்சியின் பதத்தை அவரே கரண்டியில் சாய்த்துப் பார்த்துப் பழகிக்கொள்ளட்டும்.